கப்பல் மேல காத்து எத்தனை டன் தள்ளுது? ஒரே கணக்குக்கு மூணு விடை வருது

ரோரோ_தேர்ட்மேட்:
எல்லாருக்கும் வணக்கம். நான் ஒரு கார் கேரியர்ல தேர்ட் மேட் (மூணாவது அதிகாரி), எண்ணூருக்கு கார் ஏத்த வர்ற ரூட்டு. பெர்த்துக்கு (துறைமுகத்துல கப்பல் வந்து நிக்கற இடம்) போறதுக்கு முன்னாடி பிளான்ல "பக்கக் காத்தோட விசை எத்தனை டன், டக் (இழுவைக் கப்பல்) எத்தனை வேணும்"னு ஒரு கட்டம் இருக்கு, இந்த தடவை அத நிரப்புற வேலை என்கிட்ட வந்துருக்கு. ஃபார்முலா தெரியும். காத்தோட அடர்த்தில பாதி, வேகத்தோட வர்க்கம், பரப்பு, கோஎஃபிஷியன்ட் (கப்பல் வடிவத்துக்கான எண்), எல்லாத்தையும் பெருக்குனா நியூட்டன் வரும், 9810ஆல வகுத்தா டன். அதுல சந்தேகமில்ல.

கப்பல் நீளம் 200 மீட்டர், டிராஃப்ட் (தண்ணிக்கு கீழ இருக்கற ஆழம்) 9 மீட்டர், தண்ணிக்கு மேல பக்கம் சராசரியா 25 மீட்டர் நிக்குது, ஆக பரப்பு 5000 சதுர மீட்டர். கோஎஃபிஷியன்ட் 0.95, அடர்த்தி 1.2ன்னு வச்சேன். வெதர் ஃபோர்காஸ்ட்ல காத்து 25 நாட்னு (மணிக்கு 25 கடல் மைல்) இருந்துச்சு, அத போட்டா 48 டன். மாஸ்ட்ல இருக்கற அனிமோமீட்டர் (காத்து வேகம் அளக்கற கருவி) 31 நாட் காட்டுச்சு, அதுக்கு 74 டன். அதே அனிமோமீட்டர்ல ஜஸ்ட் (திடீர் வீச்சு) 38 வரைக்கும் போச்சு, அதுக்கு 111 டன். ஒரே கப்பல், ஒரே நேரம், ஒரே ஃபார்முலா. 48 டன்னுன்னா ஒரு நல்ல டக்கும் பவ் த்ரஸ்டரும் (கப்பல் மூக்க பக்கவாட்டுல தள்ற புரொப்பெல்லர்) வச்சு சமாளிச்சிரலாம், 111 டன்னுன்னா ரெண்டு டக் இருந்தாலும் இழுபறிதான். இதுல எத எழுதறது? கோஎஃபிஷியன்ட்ட இன்னும் சரியா எடுத்தா இந்த வித்தியாசம் குறையுமா?

பழைய_பைலட்:
தம்பி, நல்ல கேள்வி கேட்ருக்க, முழு கணக்கையும் போட்டு காட்டிருக்க, அதனாலயே பதில் சொல்ல சுலபமா இருக்கு. உன் மூணு விடையிலயும் பரப்பும் கோஎஃபிஷியன்ட்டும் ஒண்ணுதான், மாறுனது வேகம் மட்டும்தான். அப்போ கோஎஃபிஷியன்ட்ட தேய்ச்சி தேய்ச்சி சரி பண்ணி என்ன ஆகப்போகுது? உலகத்துல இருக்கற சாதாரண கப்பல் எல்லாத்துக்கும் நேர் பக்கக் காத்துக்கு கோஎஃபிஷியன்ட் 0.7ல இருந்து 1க்குள்ள அடங்கிரும். வேகம் அப்படியில்ல, அது வர்க்கமாகுது. 25 நாட் 35 ஆனா விசை கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. நம்மாளுங்க 0.9ஆ 0.95ஆன்னு ஒரு மணி நேரம் சண்டை போடுவாங்க, கடைசில காத்து வேகத்த ஜன்னல் வழியா பாத்து ஒரு நம்பர் போடுவாங்க. எனக்கு இது ரொம்ப நாளா மனசுல உறுத்தற விஷயம்.

அதனால "எத்தனை நாட்"னு கேக்கறதுக்கு முன்னாடி ரெண்டு கேள்வி கேக்கணும். எந்த உயரத்துல அளந்த காத்து? எத்தனை நேரத்துக்கு சராசரி எடுத்த காத்து? இந்த ரெண்டும் தெரியாத காத்து வேகம் கணக்குக்கு லாயக்கில்லாதது.

ஃபோர்காஸ்ட்ல வர்றது 10 மீட்டர் உயரத்துக்கு. பெரும்பாலும் 10 நிமிஷ சராசரி, ஆனா எல்லா நாடும் அப்படியில்ல, நம்ம இந்திய வானிலைத்துறை புயலுக்கு சொல்றது 3 நிமிஷ சராசரி, அமெரிக்காக்காரன் சொல்றது 1 நிமிஷம். உன் அனிமோமீட்டர் இருக்கறது எங்க, தண்ணில இருந்து எத்தனை மீட்டர்?

ரோரோ_தேர்ட்மேட்:
சுமார் 45 மீட்டர் சார்.

பழைய_பைலட்:
சரி, அப்போ பாரு. கடல் மேல காத்து உயரம் போகப்போக கூடும். அதுக்கு எல்லாரும் வச்சுக்கற கணக்கு ஏழுல ஒரு பங்கு அடுக்கு. 45ஐ 10ஆல வகுத்தா 4.5, அதுக்கு ஏழுல ஒண்ணு அடுக்கு போட்டா 1.24. 25 நாட்ட 1.24ஆல பெருக்கு, எத்தனை வருது? 31. உன் ஃபோர்காஸ்ட்டும் அனிமோமீட்டரும் ஒரே காத்தத்தான் சொல்லுது, வேற வேற உயரத்துல நின்னு சொல்லுது அவ்ளோதான். 74 டன்னுங்கறது கப்பலோட முழு பக்கமும் 45 மீட்டர் உயரத்துல தொங்குதுன்னு நெனச்சு போட்ட கணக்கு.

இன்னொண்ணு, அனிமோமீட்டர் காட்டறது ரிலேட்டிவ் விண்ட், அதாவது கப்பலோட ஓட்டமும் சேந்த காத்து. கப்பல் ஓடிக்கிட்டு இருக்கறப்ப எழுதுன நம்பர ட்ரூ விண்ட்னு (நிஜ காத்து) போட்ராத. அப்பறம் அது வீல்ஹவுஸ் (கப்பல ஓட்டற அறை) கூரைக்கு மேல இருக்கு, காத்து கூரை விளிம்புல ஏறி வர்றப்ப வேகம் கூடித்தான் வரும், மாஸ்ட்டுக்கு மறைவுல மாட்டுனா குறைச்சும் காட்டும். அந்த டயல நான் கவனிப்பேன், ஆனா அத மட்டும் நம்ப மாட்டேன்.

காத்துமாடல்:
நான் நேவல் ஆர்க்கிடெக்ட், விண்ட் டனல்லயும் (காத்து சோதனைக் கூடம்) சிஎஃப்டிலயும்தான் (கம்ப்யூட்டர்ல காத்தோட்டம் கணக்கு போடறது) வேலை. கேப்டன் சார் சொன்னதுக்கு ஒரு வார்த்தை கூட மறுப்பில்ல, ஆனா கோஎஃபிஷியன்ட்ட அப்படியே ஓரமா வைக்கவும் முடியாது, ஏன்னா கோஎஃபிஷியன்ட்டுக்குள்ளயே ஒரு உயரம் ஒளிஞ்சிருக்கு.

தம்பி, அந்த 0.95 எங்க இருந்து எடுத்தீங்கன்னு எனக்கு தெரியும்னு நினைக்கறேன், ஹாம்பர்க்ல பிளெண்டர்மன் விண்ட் டனல்ல சோதிச்சு 1990கள்ல வெளியிட்ட டேபிள்ல கார் கேரியருக்கு அதான் இருக்கும், டேங்கருக்கு 0.70. அந்த சோதனை எல்லாம் மேல கீழ ஒரே வேகத்துல வீசற சீரான காத்துல செஞ்சது. அப்போ அந்த கோஎஃபிஷியன்ட்டுக்கு கப்பலோட பக்கம் முழுசும் சராசரியா வாங்கற அழுத்தத்த கொடுக்கணும். ஆனா பெரிய டேங்கருக்கு ஓசிஐஎம்எஃப் (எண்ணெய்க் கம்பெனிகளோட கடல் அமைப்பு) 1977ல முதல்ல போட்ட கோஎஃபிஷியன்ட் இருக்கே, அது 10 மீட்டர் உயர காத்த வச்சே போட்டது, உயர வித்தியாசம் அதுக்குள்ளயே சேந்தாச்சு. ஒரு இடத்து கோஎஃபிஷியன்ட்ட எடுத்து இன்னொரு இடத்து காத்து வேகத்தோட பெருக்குனா வர்ற நம்பருக்கு அர்த்தமே கிடையாது. இத நிறைய ரிப்போர்ட்ல பாத்துருக்கேன்.

சராசரி அழுத்தம் கண்டுபிடிக்கறது கஷ்டமில்ல. அந்த ஏழுல ஒண்ணு அடுக்க வர்க்கம் பண்ணி தண்ணில இருந்து டாப் டெக் வரைக்கும் சராசரி எடுத்தா ஒரு காரணி வரும். பக்கம் 25 மீட்டர் உயரம்னா அந்த காரணி 1.01. அதாவது உங்க கார் கேரியருக்கு 10 மீட்டர் காத்த அப்படியே போட்டாலும் கணக்கு கச்சிதமா சரி. 50 மீட்டர் வரைக்கும் அடுக்குன பெரிய கன்டெய்னர் கப்பலுக்கு 1.23, அங்க 10 மீட்டர் காத்த போட்டா அஞ்சுல ஒரு பங்குக்கு கிட்ட குறைச்சு சொல்லிருவீங்க. லோடு ஏத்துன டேங்கர், தண்ணிக்கு மேல 12 மீட்டர்தான்னா 0.82, அங்க கூட்டி சொல்லிருவீங்க. ஒரே பழக்கம் ஒரு கப்பல்ல சரியா வந்துச்சுன்னு இன்னொரு கப்பலுக்கு கொண்டு போக கூடாதுங்கறதுக்கு இத விட நல்ல உதாரணம் எனக்கு தெரியல.

கடல்கல்லூரி_மாணவன்:
அக்கா, எங்களுக்கு வகுப்புல காத்து விசைக்கு ஐஷர்வுட் முறை சொல்லிக் கொடுத்தாங்க. அதுல மாஸ்ட் எத்தனைன்னு எல்லாம் கேக்குது. அத இன்னிக்கி கப்பலுக்கு போடலாமா?

காத்துமாடல்:
ஐஷர்வுட் 1972. அவர் அதுவரைக்கும் வெளிவந்த மாடல் சோதனை முடிவுகள எல்லாம் ஒண்ணு சேத்து, நீளம், அகலம், முன் பரப்பு, பக்கப் பரப்பு, மேல்கட்டுமான பரப்பு, பக்க உருவத்தோட சுற்றளவு, பரப்போட மையம் எங்க இருக்கு, மாஸ்ட்டும் கிங்போஸ்ட்டும் (சரக்கு தூக்கற கம்பம்) எத்தனைன்னு இதையெல்லாம் வச்சு ஒரு ரிக்ரஷன் (டேட்டாவுக்கு பொருந்தற சூத்திரம்) போட்டார். அந்த காலத்துக்கு அது பெரிய வேலை, மரியாதையோடதான் சொல்றேன். ஆனா அவர் கையில இருந்த கப்பல்ங்க டெரிக்கும் கிங்போஸ்ட்டும் வச்ச சரக்கு கப்பல், டேங்கர், பயணிகள் கப்பல் மாதிரி. 20,000 பெட்டி அடுக்கற கப்பல் அவர் டேட்டால இல்ல. ரிக்ரஷன் தன்னோட டேட்டாவுக்கு வெளிய போனா என்ன சொல்லும்னு உத்தரவாதம் கிடையாது. புது கப்பலுக்கு ஃபுஜிவாரா குழு 2005ல ஜப்பான்ல போட்டத பாருங்க, கடல் சோதனை ஓட்டத்துக்கான ஐஎஸ்ஓ 15016லயும் அத எடுத்துக்கிட்டாங்க.

இன்னொண்ணு மாணவர்களுக்கு சொல்லணும். முன்னாடி இருந்து வர்ற விசை நேர் எதிர்க் காத்துலதான் அதிகம்னு எல்லாரும் நினைப்போம். நிறைய கப்பல்ல அது 30 டிகிரி பக்கம் இருந்து வர்றப்பதான் உச்சம். கிராஃப் முழுசையும் பாக்காம 0 டிகிரியையும் 90 டிகிரியையும் மட்டும் எடுத்து வச்சுக்கிட்டா இது கண்ணுல படாது.

ரோரோ_தேர்ட்மேட்:
ரொம்ப நன்றி அக்கா, நன்றி சார். அப்போ 74 தப்புன்னு புரிஞ்சிருச்சு. ஆனா ஜஸ்ட் பொய்யில்லையே, 38 நாட் நிஜமாவே வீசுச்சு. 48ன்னு எழுதிட்டு ஜஸ்ட் அடிக்கறப்ப என்ன பண்றது?

பழைய_பைலட்:
இங்கதான் நேரம் வருது. உன் கப்பல் இடப்பெயர்ச்சி 35,000 டன்னு வச்சுக்கோ. பக்கவாட்டுல நகர்றப்ப அது கூடவே தண்ணியையும் தள்ளிட்டு போகணும், அந்த கூடுதல் நிறைய சேத்தா 63,000 டன்னு ஒரு மதிப்புக்கு எடுத்துக்கலாம், ஆழம் கம்மின்னா இன்னும் கூட. 940 கிலோநியூட்டன், அதாவது உன் கப்பலுக்கு 35 நாட் காத்து மாதிரி ஒரு விசை, யாரும் தாங்கிப் பிடிக்காம 3 விநாடி தள்ளுனா கப்பல் விநாடிக்கு 4, 5 சென்டிமீட்டர் வேகம் எடுக்கும். ஒண்ணுமே இல்ல. அதே விசை 30 விநாடி நின்னு தள்ளுனா விநாடிக்கு 45 சென்டிமீட்டர் கிட்ட. பெரிய கப்பல ஃபெண்டர்ல (பெர்த்துல இருக்கற ரப்பர் மெத்தை) சாத்தறப்ப 10, 15 சென்டிமீட்டர் தாண்டக்கூடாதுன்னு பாக்கறோம், 45ல போய் சாத்துனா ஃபெண்டரும் போகும் பிளேட்டும் போகும்.

அதனால 3 விநாடி ஜஸ்ட்ட டயல்ல பாத்து பயப்படத் தேவையில்ல, 10 நிமிஷ சராசரிய பாத்து நிம்மதியாவும் இருக்க முடியாது. 30 விநாடில இருந்து 1 நிமிஷம் நிக்கற காத்துதான் கப்பல நகத்தும். ஓசிஐஎம்எஃப் காரங்களும் மூரிங்குக்கு (கயிறு கட்டி நிறுத்தறது) 30 விநாடி சராசரியத்தான் எடுக்கறாங்க. 10 நிமிஷ சராசரில இருந்து அதுக்கு போக நான் 1.2ஆல பெருக்குவேன், திறந்த கடல்ல இவ்வளவு வராது, ஆனா துறைமுகத்துக்கு பக்கத்துல நிலமும் கட்டிடமும் இருக்கறதால கொஞ்சம் தாராளமா வச்சுக்கறேன்.

25ஐ 1.2ஆல பெருக்குனா 30 நாட், அதுக்கு உன் கப்பல்ல 69 டன். இப்போ இன்னொரு பக்கமா வா. டயல்ல 38 ஜஸ்ட், 45 மீட்டர்ல. 1.24ஆல வகுத்தா 10 மீட்டர்ல 30.6. ரெண்டு வழியும் ஒரே இடத்துல வந்து சேருது பாத்தியா? சேரலன்னா எங்கயோ ஒரு அளவு தப்புன்னு அர்த்தம், தேடணும். 70ன்னு எழுது, அதுக்கு மேல கால் பங்கு கையிருப்பு சேத்தா 87, 88 டன். அதான் உனக்கு வேண்டிய இழுவை.

கடல்கல்லூரி_மாணவன்:
பிரிட்ஜ்ல நிக்கறப்ப இவ்வளவு பெருக்கிட்டு இருக்க முடியுமா சார்? மனக்கணக்கா ஒண்ணு இருந்தா சொல்லுங்க.

பழைய_பைலட்:
இருக்கு. நாட்ட பாதியாக்கி கொஞ்சம் கூட்டு, மீட்டர்ல வந்துரும். அத வர்க்கம் பண்ணி 18ஆல வகு. வர்றது ஒவ்வொரு 1000 சதுர மீட்டருக்கும் எத்தனை டன்னுங்கறது. 30 நாட்னா 15.4 மீட்டர், வர்க்கம் 238, 18ஆல வகுத்தா 13.2, உன் நண்பரோட 5000 சதுர மீட்டருக்கு 66 டன். முழு கணக்குல 69 வந்துச்சு. பைலட் ஏறி ரெண்டு நிமிஷத்துல சொல்லணும்னா இது போதும். அடர்த்தி, கோஎஃபிஷியன்ட் எல்லாம் அந்த 18க்குள்ள அடங்கிருக்கு.

டக்_கொழும்பு:
நான் கொழும்பில டக்கில வேலை செய்யிறன். அண்ணை எழுதின 88 டன் எண்டத வாசிச்சன், அதில ஒரு விசயம் சொல்ல வேணும். டக்கின்ர பொல்லார்ட் புல் (இழுக்கிற பலம்) 50 டன் எண்டு சேட்டிஃபிகேட்டில இருந்தா அது அமைதியான ஆழமான தண்ணியில, அசையாம நிண்டு, நேரா இழுத்து அளந்தது. கப்பல் 4, 5 நாட்டில ஓடிக்கொண்டிருக்கேக்க நாங்கள் பக்கவாட்டில இழுக்கிறது அந்த 50 இல்லை. கயிறு கட்டையா விட்டு இழுத்தா எங்கட புரொப்பெல்லர் தண்ணி கப்பலின்ர பக்கத்திலயே போய் அடிச்சு திருப்பித் தள்ளும், அதிலயும் குறையும். அலை இருந்தா இன்னும் குறையும். ரெண்டு 50 டன் டக் வந்தா 100 டன் கையில இருக்குது எண்டு நம்பிப்போட்டு வராதேங்கோ.

கார் கப்பலில இன்னொரு கரைச்சல் இருக்கு. முன்னும் பின்னும் பக்கம் வெளிய விரிஞ்சு நிக்கும், நாங்கள் ஓரத்துக்கு போய் தள்ள ஏலாது, மாஸ்ட் முட்டும். டக் எண்டு குறி போட்ட இடத்திலதான் தள்ளலாம், மற்ற இடத்தில தகடு தாங்காது. அது நடுவுக்கு கிட்டவா இருக்கிறபடியால் கப்பலத் திருப்பிறதுக்கு பலன் குறைவு. பக்கத்தில பதிச்சு வச்சிருக்கிற பொல்லார்டுக்கும் (கயிறு மாட்டிற கட்டை) எவ்வளவு டன் தாங்கும் எண்டு ஒரு எல்லை இருக்கு, எங்கட டக் அதை விட கூட இழுக்கும். அந்த எண்ணை எங்களுக்கு முதலே சொன்னா பெரிய உதவி.

பழைய_பைலட்:
தம்பி இத பிரிண்ட் எடுத்து ஒட்டி வைக்கலாம். தேர்ட்மேட், அந்த பொல்லார்ட் எல்லை உன் பைலட் கார்டுல இருக்கான்னு பாரு, இல்லன்னா எழுதி வை.

த்ரஸ்டர் பத்தியும் ஒரு வார்த்தை. 100 கிலோவாட்டுக்கு ஒண்ணேகால் டன்னு வச்சா 1500 கிலோவாட் த்ரஸ்டர் 20 டன் பக்கம் கொடுக்கும். ஆனா முன்னோட்டம் 3, 4 நாட் தாண்டுனா சீக்கிரமே சோந்து போயிரும், அதோட அது மூக்குல மட்டும்தான் தள்ளும். விசைய மட்டும் கணக்கு போட்டு, அது எந்த இடத்துல தள்ளுதுன்னு பாக்காம விட்டா பாதி வேலைதான் ஆகிருக்கு. பாலஸ்ட்ல (சரக்கில்லாம தண்ணி நிரப்பி) பின்பக்கம் தாழ்ந்து மூக்கு தூக்கி நிக்கற கப்பலுக்கு காத்து மூக்கத்தான் முதல்ல புடிச்சு தள்ளும். பின்னால ஓட ஆரம்பிச்சா ஸ்டெர்ன் (பின்பக்கம்) காத்த பாத்து திரும்பிக்கும். மொத்த விசை ஒண்ணா இருந்தாலும் கப்பல் நடந்துக்கற விதம் வேற.

காத்துமாடல்:
அதுக்கு ஒரு எண் சார்ந்த காரணம் இருக்கு. காத்து நேர் பக்கமா வந்தா விசை பரப்போட மையத்துக்கு கிட்ட விழும். முன்பக்க குறுக்கா வந்தா விசையோட மையம் முன்னாடி நகரும், பின்பக்க குறுக்கா வந்தா பின்னாடி. அதனால திருப்புவிசை உச்சமா இருக்கறது 90 டிகிரில இல்ல, 45 டிகிரி பக்கமும் 135 டிகிரி பக்கமும்தான். துறைமுகத்துக்குள்ள திரும்பற ஒவ்வொரு கப்பலும் அந்த கோணத்த தாண்டித்தான் போகணும்.

கடல்கல்லூரி_மாணவன்:
சூயஸ் கால்வாய்ல குறுக்க மாட்டுன எவர் கிவன் கப்பல் விஷயத்துல காத்துதான் காரணம்னு சொன்னாங்களே, அதுக்கு இந்த கணக்கு போட்டா எவ்வளவு வரும்?

காத்துமாடல்:
2021 மார்ச் 23, சூயஸ் கால்வாய். 400 மீட்டர் நீளம், 59 மீட்டர் அகலம், டெக் மேல பெட்டி அடுக்கு. பக்கப் பரப்பு 15,000 சதுர மீட்டர்னு ஒரு மதிப்பு வச்சு, 40 நாட் காத்து நேர் பக்கமா அடிச்சா 350 டன் வரும். உயர காரணிய சேத்தா 400ஐ தாண்டும். அந்த விசைய எதிர்க்கறதுக்கு கப்பல் கொஞ்சம் கோணலாத்தான் ஓடணும், அப்பத்தான் தண்ணிக்கு கீழ இருக்கற உடம்பு எதிர்விசை கொடுக்கும். 400 மீட்டர் கப்பல் 3 டிகிரி கோணலா போனா குறுக்கே எடுத்துக்கற அகலம் 21 மீட்டர் கூடிருது, குறுகலான கால்வாய்ல அது சின்ன விஷயமில்ல. ஜஸ்ட் ஓஞ்சா எதிர்விசை மட்டும் மிச்சம், கப்பல் மறு பக்கம் போகும். அதோட கரைக்கு கிட்ட போனா தண்ணி ஓட்டத்தால ஸ்டெர்ன கரை இழுக்கும், வேகம் கூட இருந்தா அந்த இழுப்பும் கூடும். அதனால காத்து மட்டும் செஞ்ச வேலைன்னு நான் சொல்ல மாட்டேன், காத்து ஆரம்பிச்சு வச்சத கரை முடிச்சு வச்சுச்சுன்னு வேணா சொல்லலாம்.

நங்கூரக்கண்ணி:
நான் கிளாஸ் (கப்பல் தரத்த சோதிக்கற அமைப்பு) சர்வே பக்கம். பெர்த் பத்தியே பேசிட்டு இருக்கோம், நங்கூரத்துல நிக்கற கப்பல மறந்துரக் கூடாது. 2012 அக்டோபர் 31, நீலம் புயல் அன்னிக்கு சென்னைக்கு வெளிய நங்கூரத்துல நின்ன பிரதிபா காவேரி டேங்கர் இழுபட்டு வந்து பெசன்ட் நகர் பக்கம் தரை தட்டுச்சு. உயிர்காப்புப் படகுல இறங்குன மாலுமிகள்ல சிலர் உயிரோட திரும்பல. சென்னைக்காரங்க எல்லாம் கரையில நின்னு அந்த கப்பல பாத்தாங்க, எத்தனை பேர் அந்த மாலுமிகள நெனச்சாங்கன்னு எனக்கு தெரியல. அந்த புயலோட உச்ச காத்து மணிக்கு 85 கிலோமீட்டர் பக்கம், அதாவது விநாடிக்கு 23, 24 மீட்டர்.

இப்போ கிளாஸ் விதிய பாருங்க. ஒரு கப்பலுக்கு எவ்வளவு பெரிய நங்கூரம், எவ்வளவு சங்கிலின்னு முடிவு பண்றது எக்விப்மென்ட் நம்பர். அதுல மூணு பகுதி, இடப்பெயர்ச்சி ஒண்ணு, முன்னாடி காத்து படற பரப்பு ஒண்ணு, பக்கப் பரப்புல பத்துல ஒரு பங்கு. அதுக்கு பின்னால இருக்கற கணக்கு விநாடிக்கு 25 மீட்டர் காத்து, 2.5 மீட்டர் நீரோட்டம், ஆழத்த போல 6ல இருந்து 10 மடங்கு சங்கிலி. அப்போ காகிதத்துல பாத்தா நீலம் புயல் காத்து விதியோட எல்லைக்குள்ளதான் இருக்கு. ஆனா அந்த விதி மறைவான தண்ணிக்கு எழுதுனது, அதுல அலையே கிடையாது. பின்னால ஐஏசிஎஸ் (கிளாஸ் அமைப்புகளோட கூட்டமைப்பு) திறந்த கடலுக்கும் ஒரு நிலைய சொன்னாங்க. 135 மீட்டருக்கு மேல நீளமான கப்பலுக்கு அலை 2 மீட்டர் இருந்தா காத்து விநாடிக்கு 11 மீட்டர் வரைக்கும்தான், நீரோட்டம் 1.54. 2 மீட்டர் அலைய சேத்ததும் 25 மீட்டர் காத்து 11ஆ இறங்குது. வங்கக்கடல்ல புயல் நேரத்து அலை 2 மீட்டரோட நிக்குமா? காத்து விசைய எவ்வளவு துல்லியமா போட்டாலும் சங்கிலிய அத்துட்டு போறது அலையோட இழுப்புதான். புயல் எச்சரிக்கை வந்தா இன்ஜின் தயாரா, எரிபொருள் கையில வச்சு, ஆழ்கடலுக்கு போயிரணும். இதுக்கு வேற கணக்கு கிடையாது.

பழைய_பைலட்:
நீங்க சொல்றது அத்தனையும் உண்மை. ஒரு சின்ன சேர்க்கை. நங்கூரத்துல கப்பல் காத்துக்கு நேரா நிக்கறதில்ல, இந்த பக்கமும் அந்த பக்கமும் ஊசலாடும். ஊசலாட்டத்தோட கடைசில பக்கம் காத்துக்கு திரும்பறப்ப விசை பல மடங்கு எகிறும், நங்கூரம் பிடி விடறது பெரும்பாலும் அந்த நேரத்துலதான். முன் பரப்ப மட்டும் வச்சு போட்ட கணக்கு அங்க உதவாது.

காத்து விசைய குறைக்கறதுக்கு ஒரு ஊரே என்ன செஞ்சுதுன்னும் சொல்றேன், தேர்ட்மேட் தம்பிக்கு பிடிக்கும், ஏன்னா அது கார் கேரியர் போற வழி. ராட்டர்டாம் பக்கம் ரோசன்பர்க்குன்னு ஒரு ஊர், அங்க காலண்ட் கால்வாய்ல ஒரு தூக்குப் பாலம், அதுக்கு உள்ள பிரிட்டானியா ஹார்பர்ல கார் இறக்கற டெர்மினல். பக்கக் காத்துல உயரமான கப்பல்ங்க அந்த குறுகலான பாலத்துக்குள்ள போக முடியாம காத்துக் கிடந்துச்சு. 1985ல கரையோரமா 25 மீட்டர் உயர கான்கிரீட் பலகைங்கள நட்டு 1.7 கிலோமீட்டருக்கு மேல நீளமா ஒரு காத்துச் சுவர் கட்டி முடிச்சாங்க. முழுசா அடைச்ச சுவர் இல்ல, பலகைக்கு பலகை இடைவெளி விட்ருக்காங்க. கொஞ்சம் காத்து ஊடுருவி போனாத்தான் பின்னால சுழல் வராது. முழுசா அடைச்சா சுவருக்கு அந்த பக்கம் காத்து ஒரு நிமிஷம் இல்லாம, அடுத்த நிமிஷம் தாறுமாறா வீசும், கப்பலுக்கு அது நிலையான காத்த விட மோசம்.

காத்துமாடல்:
இது ரொம்ப முக்கியம். நம்ம துறைமுகங்கள்லயும் கிடங்கு, கன்டெய்னர் அடுக்கு, பக்கத்து பெர்த்துல நிக்கற கப்பல் இதெல்லாம் மறைவு கொடுக்கும்னு நம்பி விசைய குறைச்சு போடறாங்க. மறைவு முடியற இடத்துல கப்பலோட மூக்கு மட்டும் காத்துக்கு வெளிய வந்து, பின்பக்கம் இன்னும் மறைவுல இருக்கற அந்த சில நிமிஷம் திருப்புவிசை எந்த டேபிள்லயும் இல்லாத அளவுக்கு போகும். தூத்துக்குடில ஆடி மாசம் மேக்க இருந்து அடிக்கற காத்துல பெர்த்த விட்டு கெளம்பற கப்பல நெனச்சு பாருங்க. என் அபிப்பிராயம், மறைவுக்காக ஒரு டன் கூட குறைக்காதீங்க, விண்ட் டனல்ல அந்த பெர்த்த சுத்தி இருக்கற கட்டிடத்தோட சேத்து சோதிச்சிருந்தா தவிர.

ரோரோ_தேர்ட்மேட்:
சார், கட்டி முடிச்ச பிறகு ராத்திரி முழுக்க காத்து பெர்த்த விட்டு வெளிய தள்ற மாதிரி அடிச்சா, அதுக்கும் இதே 70 டன் தானா? டக் போயிரும், கயிறு மட்டும்தான்.

நங்கூரக்கண்ணி:
விசை அதேதான், ஆனா ராத்திரி முழுக்க எதிர்பாக்கற உச்ச காத்துக்கு போடணும், கட்டற நேரத்து காத்துக்கு இல்ல. டேங்கருக்கு ஓசிஐஎம்எஃப் வச்ச அளவு எந்த திசைல இருந்தும் 60 நாட். கார் கேரியருக்கு அது கட்டாயமில்ல, ஆனா பக்கம் உங்களுதுதான் பெருசு.

கயிறு பக்கம் பாருங்க. உடையற பலம் 70 டன்னுன்னா விஞ்ச் (கயிறு சுத்தற மெஷின்) பிரேக் 60 சதவீதத்துல வழுக்கி விடற மாதிரி வச்சிருப்பாங்க, அது 42 டன். கயிறு கரைக்கு நேர் குறுக்கா போகல, 45 டிகிரி சாய்வா போகுதுன்னா குறுக்கே கிடைக்கறது 71 சதவீதம். கார் கேரியர்ல டெக் உயரம், கரை தாழ்வு, மேல இருந்து கீழ போற கோணம் 30 டிகிரின்னா அதுல 87 சதவீதம். ரெண்டையும் பெருக்குனா 42 டன்ல கையில வர்றது 26. அதுவும் எல்லா கயிறும் சமமா பாரம் ஏத்துக்கறதில்ல, குட்டையான கயிறு முதல்ல இறுகும், நீளமான கயிறு நீண்டு கொடுக்கும். குட்டையானது வழுக்குன பிறகுதான் மத்ததுக்கு வேலை வரும். 2013 ஏப்ரல்ல அமெரிக்கால மொபைல்ங்கற ஊர் துறைமுகத்துல கார்னிவல் ட்ரையம்ஃப் பயணிகள் கப்பல் காத்துல கட்டு விடுபட்டு போனது, 2023 ஆகஸ்ட்ல ஸ்பெயினோட பால்மால பிரிட்டானியா பயணிகள் கப்பல் புயல்ல கயிறு அறுந்து போய் டேங்கர்ல இடிச்சது, ரெண்டுமே உயரமான பக்கம் உள்ள கப்பல்ங்க, ரெண்டுமே துறைமுகத்துக்குள்ள நடந்தது. 35 நாட்டுக்கு மேல எதிர்பாத்தா டக்க நிறுத்தி வைக்க சொல்லி முன்னாடியே கேளுங்க.

ரோரோ_தேர்ட்மேட்:
எழுதி வச்சுக்கிட்டேன். கடைசியா ஒண்ணு, பரப்பு 5000ன்னு நானே நீளத்தையும் உயரத்தையும் பெருக்கி போட்டது. கார் ஏத்தாம காலியா வர்றப்ப மாறும்ல, அத எப்படி எடுக்கறது?

காத்துமாடல்:
கைல பெருக்க வேண்டாம். உங்க ஸ்டெபிலிட்டி புக்லெட்லயே ஒவ்வொரு டிராஃப்டுக்கும் பக்கப் பரப்பும் அதோட மையமும் டேபிளா இருக்கும், ஏன்னா ஐஎம்ஓ (சர்வதேச கடல்சார் அமைப்பு) வெதர் கிரைட்டீரியனுக்கு அது கட்டாயம் வேணும். அந்த கணக்கு 504 பாஸ்கல் அழுத்தம் இந்த பரப்பு மேல விழுந்தா கப்பல் எவ்வளவு சாயும்னு பாக்கறது, அதுக்கு போட்ட பரப்ப நீங்க இங்க எடுத்துக்கலாம். உங்க கப்பலுக்கு டிராஃப்ட் 1 மீட்டர் குறைஞ்சா பரப்பு 200 சதுர மீட்டருக்கு கிட்ட கூடும், 9ல இருந்து ஏழரைக்கு வந்தா 300, அதாவது 6 சதவீதம். கார் கேரியர்ல இது பெரிய மாற்றமில்ல, டேங்கரா இருந்தா பாலஸ்ட்ல பரப்பு ரொம்பவே கூடும், அப்போ டேபிள் இல்லாம ஆரம்பிக்கவே கூடாது. பிளான்ல அந்த கட்டத்துக்கு பக்கத்துல இடம் இருந்தா டன் மட்டும் எழுதாதீங்க, "10 மீட்டர் உயரம், 30 விநாடி, 30 நாட், டிராஃப்ட் 9"னு சேத்து எழுதுங்க, அடுத்த வாட்ச்ல வர்றவங்க அத வச்சே திருத்திக்கலாம்.